ஒற்றைவெடி றைபிளும் குளவித் தோட்டாவும்

துவக்கு என்னும் சொல்லைக் கேட்டதும் போர்க்களமோ பெருங்காட்டு வேட்டையோதான் நம்மிற் பலருக்கு நினைவில் எழும். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலே பாற்பண்ணை வைத்து வாழும் குடியானவர்களுட் பலருக்கு அது மண்வெட்டியையும் கோடரியையும் போலப் பண்ணைச் சாமான்களுள் ஒன்று. அவர்களுடைய புல்வெளிகளில் 'வூட்சக்' எனப்படும் பிராணி வளை தோண்டி வாழ்கிறது. அணிலின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் பூனையளவு பருமனுடையது. அது தின்றழிக்கும் பயிர் ஒருபுறமிருக்க, புல் மறைத்த அதன் வளைவாயில் மாட்டின் கால் இறங்கினால் எலும்பு முறியும். உழவு யந்திரத்தின் சக்கரம் இறங்கினால் யந்திரத்துக்குச் சேதம் விளையும். இத்தகைய பிராணிகளை அந்நாட்டார் 'வார்மின்ட்' என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். பண்ணைக்குப் பகையான சிறு பிராணி என்பது அதன் பொருள்.

இந்தச் சிறு பிராணியை ஒழிப்பதற்காக, பாட்டன் காலத்து ஒற்றைவெடி றைபிளைப் புதிய, வேகமான தோட்டாவுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் வழக்கமொன்று அமெரிக்காவில் உண்டாயிற்று. இத்தொழிலின் நுட்பம் யாது, அதனால் விளையும் பயன் யாது, அதில் மறைந்திருக்கும் ஆபத்து யாது என்பனவற்றையே இன்று ஆராயப் போகிறோம்.

முதலில், வேகம் ஏன் வேண்டும்?

வூட்சக் மிகவும் எச்சரிக்கையுள்ளது. வளைவாயிலில் நிமிர்ந்து நின்று நாற்புறமும் பார்க்கும். மனிதன் நெருங்குவதைக் கண்டால் உள்ளே மறைந்துவிடும். ஆகவே 100 யார், 200 யார் தொலைவிலிருந்தே சுடவேண்டும். சன்னம் குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்து நிலத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவிய கல் கால் விநாடியில் சுமார் 1 அடி விழும். அரை விநாடியில் 4 அடி விழும். நேரம் இரட்டித்தால் வீழ்ச்சி நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. சன்னத்துக்கும் இவ்விதியே பொருந்தும். மெதுவாகச் செல்லும் சன்னமாயின், சுடுபவர் தூரத்தைச் சரியாக மதிப்பிட்டு, அவ்வளவுக்கு உயர்த்திக் குறிபார்க்க வேண்டும். மதிப்பீடு சிறிது பிழைத்தாலும் குறி தவறும். சன்னம் விரைந்து சென்றால் வழியிற் கழியும் நேரம் குறையும், வீழ்ச்சியும் குறையும், தூரத்தை மதிப்பிடுவதில் உண்டாகும் பிழையும் பெரிதாகப் பாதிக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. மெதுவாகச் செல்லும் கனத்த ஈயச் சன்னம் கல்லிலோ கட்டாந்தரையிலோ பட்டால் சிதறாமல் திசைமாறித் தெறித்துச் செல்லும். இலேசான சன்னம் பெருவேகத்தில் நிலத்தைத் தொட்டால் பெரும்பாலும் அங்கேயே சிதறிப்போகும். வீடுகளும் மாடுகளும் நிறைந்த பண்ணை நாட்டிலே இது சிறிய நன்மையன்று.

இனி, ஒற்றைவெடி றைபிள் என்பது யாதெனப் பார்ப்போம். அதிலே தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டி கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால் வைத்து, ஒரு நெம்புகோலை மூடிச் சுட்டு, மீண்டும் திறந்து வெற்றுக்கூட்டை வெளியேற்ற வேண்டும். இவ்வகையில் புகழ்பெற்றது வின்செஸ்டர் கம்பெனியின் 1885ஆம் ஆண்டு மாதிரி. இதனை அமைத்தவர் ஜோன் பிரௌனிங். யூட்டா பிரதேசத்தில் வாழ்ந்த அவர் 1879இல் இதற்கான உரிமைப் பத்திரத்தைப் பெற்றார். வின்செஸ்டர் கம்பெனி 1883இல் அவ்வுரிமையை விலைக்கு வாங்கியது. இதில் குழலின் பின்வாயை ஓர் உருக்குக் கட்டை அடைத்து நிற்கும். நெம்புகோலைக் கீழே தள்ளினால் அக்கட்டை மதகுப் பலகையைப் போல நேராகக் கீழிறங்கும். மேலே இழுத்தால் எழுந்து வாயை அடைக்கும். அடைப்புக்கட்டையை இருபுறமும் தாங்கி நிற்கும் சுவர்களின் உயரத்தைக் கொண்டு 'உயர்சுவர்', 'தாழ்சுவர்' என இருவகை செய்யப்பட்டன. உயர்சுவர் வலிய தோட்டாக்களுக்கு. தாழ்சுவர் சிறிய தோட்டாக்களுக்கு. இந்த வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் நாம் கூறப்போகும் ஆபத்துக்கு இதுவே அடிப்படை.

குழலின் பின்முனையில் தோட்டா சென்று அமரும் இடத்துக்கு 'அறை' என்று பெயர். தோட்டா என்பது பித்தளைக் கூடு. அதன் அடியில் நெருப்பு மூட்டும் கேப்பு, நடுவில் மருந்து, வாயில் சன்னம். வெடிக்கும் கணத்தில் மருந்து வாயுவாக மாறி, பித்தளைக் கூட்டை அறையின் சுவரோடு அழுத்தி ஒட்டச் செய்கிறது. வாயு பின்புறமாகக் கசியாதபடி தடுப்பது இதுவே. ஆகவே உறையும் வாளும் போல, கூடும் அறையும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருத்தல் வேண்டும். பொருந்தாவிடத்துப் பித்தளை கிழியும்.

அறையின் உருவத்தை மாற்ற 'றீமர்' என்னும் ஆயுதம் பயன்படுகிறது. புதிய தோட்டாவின் வடிவத்திலேயே செய்யப்பட்ட, நீளவாட்டில் வெட்டுவாய்கள் கொண்ட உருக்குத் துண்டு அது. அதனை அறைக்குள்ளே செலுத்தி, எண்ணெய் விட்டு, மெல்லச் சுழற்றி, அடிக்கடி வெளியே எடுத்து உலோகத் துகளைத் துடைத்து, மீண்டும் செலுத்துவர். இது அவசரக்காரனுக்கு ஏற்ற தொழிலன்று. மண்ணில் உருவம் செய்பவன் குறைந்த இடத்தில் மண்ணை அப்பலாம். கல்லில் உருவம் செதுக்குபவன் வெட்டியதை மீட்க முடியாது. றீமர் பிடிப்பவர் கல்தச்சனின் நிலையில் இருக்கிறார். அவர் உலோகத்தைக் கழிக்கலாமேயன்றிச் சேர்க்க இயலாது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. புதிய அறை, பழைய அறையை எல்லாப் பக்கத்திலும் முற்றாக விழுங்கிவிடுமளவுக்குப் பெரிதாயிருத்தல் வேண்டும். பழைய அறையின் ஒரு பகுதி புதியதற்கு வெளியே எஞ்சி நின்றால், பித்தளைக்குத் தாங்கு சுவரின்றி அவ்விடத்தில் வீங்கிப் பிளக்கும். அத்தகைய சந்தர்ப்பத்தில் குழலின் பின்முனையைச் சிறிது வெட்டி நீக்கி, மீண்டும் புரி கடைந்து, குழலை முன்னே நகர்த்திப் பொருத்தி, அதன் பின்னரே அறையைக் குடைவர். அவ்வாறே, குழலின் உள்விட்டத்தைச் சிறிதாக்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவிலே மாணவர் படைப் பயிற்சிக்கென வாங்கப்பட்ட 0.310 அங்குல மார்ட்டினி றைபிள்கள் பல பிற்காலத்தில் சிறு தோட்டாக்களுக்கு மாற்றப்பட்டபோது, அவற்றுக்குப் புதுக்குழலோ உட்குழலோ வேண்டியிருந்தது. அதனை அறைமாற்றம் என்று சொல்வதைவிடக் குழல்மாற்றம் என்று சொல்வதே பொருந்தும்.

இனி, இத்தொழிலின் வரலாற்றிலே சிறந்த உதாரணமாகிய குளவித் தோட்டாவுக்கு வருவோம்.

1885இல் வின்செஸ்டர் கம்பெனி தனது ஒற்றைவெடி றைபிளுக்கென 0.22 அங்குல மையவெடித் தோட்டா ஒன்றை வெளியிட்டது. கருமருந்து நிரப்பிய அத்தோட்டா 45 கிரெயின் ஈயச் சன்னத்தை விநாடிக்கு 1,500 அடிக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் செலுத்தியது. ஓர் இறாத்தல் 7,000 கிரெயின் கொண்டது. ஆகவே இச்சன்னத்தின் நிறை மூன்று கிராமுக்கும் குறைவு. 1920களின் பிற்பகுதியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையோடு தொடர்புடைய ரௌன்சென்ட் வீலன், வொட்கின்ஸ் முதலிய இராணுவ அதிகாரிகள் சிலர், இந்தப் பழைய கூட்டிலே புகையற்ற மருந்தையும் செப்புக் கவசமிட்ட சன்னத்தையும் இட்டுப் பரிசோதனை செய்தார்கள். அதன் பயனாகப் பிறந்ததே 'ஹோர்னட்'. அச்சொல்லுக்குப் பெருங்குளவி என்பது பொருள். வின்செஸ்டர் கம்பெனி 1930இல் இத்தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேகம் முதலில் விநாடிக்கு 2,400 அடி அளவிலும், பிற்காலத்தில் 2,700 அடி அளவிலும் நின்றது.

இங்கே ஒரு விசித்திரம். தோட்டா கடைக்கு வந்துவிட்டது. அதற்கெனத் தொழிற்சாலையிற் செய்த றைபிளோ 1932 வரையில் வரவில்லை. ஆவல் கொண்டவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய ஒற்றைவெடி றைபிள்களையும், பயிற்சிக்குரிய சிறு றைபிள்களையும் தூக்கிக்கொண்டு துவக்குக் கம்மியரிடம் சென்றார்கள். அறைமாற்றும் தொழில் செழித்தது இவ்வாறுதான்.

ஆனால், பழைய 0.22 தோட்டாவும் ஹோர்னட்டும் உருவத்தில் உடன்பிறந்தவை போன்றவை. அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. வலிமையோ வானும் மண்ணும் போல வேறு. கருமருந்துக் காலத்துக் குழல்கள் மெதுவான உருக்காலே, மென் ஈயத்துக்கென ஆனவை. ஆகவே, ஒரு தோட்டா ஒரு துவக்கினுள் நுழைகிறது என்பது அதனை அதிற் சுடலாம் என்பதற்குச் சான்றாகாது. இத்துறையிற் கற்கவேண்டிய முதற்பாடம் இதுவே.

ஹோர்னட்டோடு மனிதர் திருப்தியடைந்தனரா என்றால் இல்லை. நியூயோர்க் மாநிலத்தில் வைற்ஸ்பரோ என்னும் ஊரிலே லைல் கில்போன் என்னும் துவக்குக் கம்மியர் இருந்தார். அவர் 1940ஆம் ஆண்டையொட்டி ஹோர்னட் கூட்டின் உருவத்தை நுணுகி ஆராய்ந்தார். அது அடியிலிருந்து வாய்வரை படிப்படியாக ஒடுங்கிச் செல்வது. அதன் தோளும் சாய்வானது. இவ்வொடுக்கத்தால் மருந்துக்குரிய இடம் வீணாகிறது. கில்போன் ஒடுக்கத்தைக் குறைத்து, தோளை நிமிர்த்தி, உடலை நேராக்கினார். அவருடைய பெயரின் முதலெழுத்தைக் கொண்டு அது 'கே-ஹோர்னட்' எனப் பெயர் பெற்றது.

இங்கேதான் அறைமாற்றத்தின் அழகு விளங்குகிறது. கே-ஹோர்னட்டின் அறை ஹோர்னட் அறையைவிட எல்லாப் பக்கத்திலும் சற்றே பெரிது. ஆகவே முன் கூறிய விதிப்படி றீமரைச் செலுத்தினாற் போதும். பழைய அறை முற்றாக மறைந்துவிடும். குழலை வெட்டவேண்டிய தேவை பொதுவாக இல்லை. மேலும், ஹோர்னட் கூட்டின் அடியில் ஒரு விளிம்பு உண்டு. அவ்விளிம்பு குழலின் பின்வாயிற் படிந்து, தோட்டா எவ்வளவு தூரம் உள்ளே செல்லலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. உட்புறம் அகன்றாலும் விளிம்பு தங்கும் இடம் மாறுவதில்லை. ஆகவே கடையில் வாங்கிய சாதாரண ஹோர்னட் தோட்டாவையே புதிய அறையில் இட்டுச் சுடலாம். சுட்டவுடன் பித்தளை விரிந்து, அச்சில் வார்த்தாற்போலப் புதிய அறையின் உருவத்தைப் பெற்று வெளிவரும். பின்னர் அதிலே கேப்பும் மருந்தும் சன்னமும் கையால் இட்டு, கே-ஹோர்னட் தோட்டாவாக உபயோகிக்கலாம். புதுத் தோட்டா கிடையாத ஊரிலும் பழைய தோட்டா பயன்படும் என்பது இதன் தனிச்சிறப்பு. முதன்முறை சுடும்போது வேகம் சிறிது குறையும், நட்டம் அவ்வளவே.

பெறும் இலாபம் எவ்வளவு? விநாடிக்கு 200 அடி அளவில் என்று கொள்ளலாம். 2,700 அடி 2,900 அடியாகும்போது வேகம் நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. தாக்கும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுகிறது. இது பிரமாதமான இலாபமன்று என்பார் உளர். உண்மைதான். ஆனால் வேறொரு நன்மையும் உண்டு. ஒடுங்கிய கூட்டின் மெல்லிய பித்தளை, சுடுந்தோறும் முன்னோக்கி நகர்ந்து விரைவில் பிளந்துவிடும். நேரான கூடு அவ்வாறு நகர்வது குறைவு; ஆகவே நெடுநாள் உழைக்கும்.

'இன்னும் வேகமான தோட்டாக்கள் இருக்க, இந்தச் சிறு இலாபத்தோடு ஏன் நிற்கவேண்டும்?' என்று கேட்கலாம். ரெமிங்டன் கம்பெனி 1950இல் வெளியிட்ட 0.222 தோட்டா விநாடிக்கு 3,000 அடிக்கு மேல் செல்கிறது. பாட்டன் துவக்கை அதற்கு மாற்றினால் என்ன?

இவ்வினாவுக்கு விடை, அடைப்புக்கட்டையிடம் இருக்கிறது. வாயு சன்னத்தை முன்னே தள்ளும் அதே கணத்தில், கூட்டின் அடியைப் பின்னேயும் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலின் அளவு இரண்டைப் பொறுத்தது: ஒன்று வாயுவின் அழுத்தம், மற்றது கூட்டு அடியின் பரப்பு. ஹோர்னட் கூட்டின் அடிப்பக்க விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 298 பங்கு. ரெமிங்டன் கூட்டுக்கு 376 பங்கு. பார்வைக்கு இவ்வேறுபாடு மிகச் சிறியது. ஆனால் சதுர அங்குலத்துக்கு 45,000 இறாத்தல் என்னும் ஒரே அழுத்தத்தை இரண்டுக்கும் கொண்டு கணக்கிட்டால், முன்னது ஏறக்குறைய 3,100 இறாத்தலும், பின்னது ஏறக்குறைய 5,000 இறாத்தலும் பின்னே தள்ளும். பித்தளை அறையின் சுவரைப் பற்றுவதாலும், கூட்டின் உள்விட்டம் வெளிவிட்டத்திலும் குறைந்ததாலும் உண்மையான தள்ளுதல் இதிலும் குறைவாயிருக்கலாம். ஆயினும் இரண்டுக்குமுள்ள விகிதம் பெரிதாக மாறாது. 3,000 இறாத்தலைத் தாங்கும் தாழ்சுவர் 5,000 இறாத்தலையும் தாங்கும் என்று யார் பிணை நிற்பார்? சுடுபவரின் கன்னமும் கண்ணும் அந்தக் கட்டைக்குச் சில அங்குல தூரத்திலே இருக்கின்றன என்பதை மறத்தலாகாது.

எல்லா ஒற்றைவெடி றைபிள்களும் ஒரே வலிமை உடையனவுமல்ல. ஸ்ரீவன்ஸ் கம்பெனியின் 44ஆம் மாதிரியில் அடைப்புக்கட்டை ஓர் அச்சைச் சுற்றிச் சாய்ந்து திறப்பது. அது மெல்லிய தோட்டாக்களுக்கே உரியது. அதே கம்பெனி 1903இல் வெளியிட்ட நாற்பத்து நாலரை என்னும் மாதிரியில் கட்டை நேராகக் கீழிறங்குவது. அது எவ்வளவோ வலிது. வெளித்தோற்றத்தில் இரண்டும் மயக்கந்தரக்கூடியவை. பெயரில் ஓர் 'அரை' வேறுபாடு, பாதுகாப்பிலோ பெருவேறுபாடு.

கூட்டை நேராக்கினால் பின்தள்ளுதல் குறையும் என்னும் கருத்தை அமெரிக்காவிற் பரப்பியவர் பி. ஓ. அக்லி என்னும் துவக்குக் கம்மியர். ஒடுங்கிய கூடு ஆப்பைப் போன்றது. எளிதில் பின்னே நழுவும். நேரான கூடு சுவரை நன்கு பற்றிக்கொள்ளும். இதனைக் காட்ட அவர் துணிகரமான பரிசோதனைகளையும் செய்தார். ஆயினும் இப்பற்றுதல் உலர்ந்த, தூய அறையிலேயே நிகழும். அறையிலே எண்ணெய் சிறிது தங்கியிருந்தாலும் பிடி தளர்ந்து, சுமை முழுவதும் அடைப்புக்கட்டையின்மேல் விழும். துவக்கைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்தவர், சுடுமுன் அறையை உலர்த்த மறந்தால், கணக்கெல்லாம் வீணாகும். பித்தளையின் பிடியை மேலதிகமான காப்பு என்று கொள்ளலாமேயன்றி, வலியற்ற துவக்கை வலியதாக்கும் வழியென்று கொள்ளலாகாது.

அறையும் அடைப்பும் சரியெனக் கண்ட பின்னரும் வேறு சில உறுப்புகள் கவனத்தை வேண்டி நிற்கும். கருமருந்துக் காலத்துச் சுடும் ஊசி பருத்தது. அது வெளிவரும் துவாரமும் அகன்றது. புதிய அழுத்தத்திலே கேப்பின் மெல்லிய உலோகம் அத்துவாரத்துள் பிதுங்கிக் கிழிந்து, வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். ஆகவே துவாரத்தை அடைத்துச் சிறிதாகத் துளைத்து, மெல்லிய ஊசியைப் பொருத்துவர். விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் தோட்டாவுக்கான துவக்காயின், ஊசியை மையத்துக்கே கொண்டுவர வேண்டும். வெற்றுக்கூட்டை இழுக்கும் கொளுவியையும் கவனித்தல் வேண்டும். விளிம்புள்ள கூட்டை அது இலகுவாகப் பற்றும், ரெமிங்டன் 0.222 போன்ற விளிம்பற்ற கூட்டைப் பற்றுவதற்கு அது தனியாக அமைக்கப்பட வேண்டும். இறுதியாக, குழலினுள்ளே உள்ள சுழற்புரி. ஹோர்னட் குழலிலே வழக்கமாகச் சன்னம் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும். குறுகிய சன்னத்துக்கு இது போதும். கனத்த, நீண்ட சன்னமோ ஓயும் பம்பரத்தைப் போலத் தள்ளாடும். அறையை எவ்வளவு பெருப்பித்தாலும் பழைய குழலின் இக்குணம் மாறுவதில்லை.

இத்தகைய வேலைக்குப் பிரித்தானியாவிலே சட்டமும் துணை நிற்கிறது. இலண்டனிலும் பேர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகளில், வழக்கத்திலும் கூடிய அழுத்தமுள்ள தோட்டாவைச் சுட்டு, தாங்கிய துவக்குக்கு முத்திரை பொறிக்கிறார்கள். அறையை மாற்றினால் பழைய முத்திரை செல்லாது. விற்பதற்குமுன் மீண்டும் சோதிப்பிக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய கட்டாயச் சட்டம் இல்லை. அங்கே கம்மியரின் நேர்மையே முத்திரை.

இன்றோ, பழைய துவக்கை மாற்றவேண்டிய அவசியம் பெரிதும் குறைந்துவிட்டது. 1967ஆம் ஆண்டளவில் ரூகர் கம்பெனி, புதிய உருக்காலான வலிய ஒற்றைவெடி றைபிளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மிக வேகமான தோட்டாக்களையும் அது தாங்கும். மறுபுறத்தில், மாற்றப்படாத பழைய வின்செஸ்டர் றைபிள்கள் சேகரிப்போரிடத்தில் நல்ல விலை பெறுகின்றன. றீமர் உள்ளே சென்றதும் அந்த மதிப்பிற் பெரும்பகுதி போய்விடும். ஆகவே வலிய துவக்கு வேண்டுவோர் அதனைப் புதிதாக வாங்குவதும், முன்னரே மாற்றப்பட்டதோ குழல் பழுதானதோ ஆகிய துவக்கை மட்டும் மாற்றத்துக்கு உட்படுத்துவதும் அறிவுடைய செயலாகும்.

எல்லாம் முடிந்தபின் செய்யவேண்டிய சிறுவேலை ஒன்று உண்டு. சில நிமிடங்களிலே முடிந்துவிடும். ஆயினும் பலர் அதனை அலட்சியம் செய்கின்றனர். குழலின்மேற் பொறித்திருக்கும் பழைய தோட்டாவின் பெயரை அடித்து, புதிய தோட்டாவின் பெயரைத் தெளிவாகப் பொறித்தலே அது. துவக்கு மனிதரைவிட நெடுங்காலம் வாழ்வது. மாற்றியவரும் மாற்றுவித்தவரும் மறைந்தபின், பேரன் ஒருவன் பரணிலிருந்து அதனை எடுப்பான். குழலைத் துடைத்து எழுத்தைப் படிப்பான். அவ்வெழுத்தை நம்பியே தோட்டா வாங்குவான். அறையில் இருப்பது ஒன்று, எழுத்திலிருப்பது வேறொன்று என்றால், அந்த இளைஞனுக்கு எச்சரிக்கை செய்ய வேறெவரும் இரார். இக்காரணத்தால், அறைமாற்றும் வேலை றீமரை வெளியே எடுத்ததும் முடிந்துவிடுவதில்லை; புதிய பெயர் குழலிற் பொறிக்கப்பட்ட பின்னரே முடிகிறது என்று நல்ல கம்மியர் கொள்வர்.